இருமல் தீர்மானம்

எங்கள் தெருவில் எனக்குத் தீயணைப்பு வண்டி என்று பெயர். வைத்தவர் யார் என்று தெரியாது. தெரிந்தால் ஒரு வாளித் தண்ணீர் அவர் தலையிலும் விழும். வாசல் கூட்டிக் கோலம் போட்டு முடித்த கையோடு, கூட்டிய குப்பையை ஓரமாகக் குவித்து ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அந்தக் குவியலில் வேப்பஞ்சருகு கொஞ்சம்தான் இருக்கும். மிச்சமெல்லாம் பால் கவர், பிள்ளைகளுக்குக் கட்டிவிடும் பேம்பர்ஸ், அறுந்த செருப்பு. நான் வாளியோடு வருவதைப் பார்த்ததும், "வண்டி வருது, வழிவிடுங்கடி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு, தீ வைத்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

எனக்கு வேறு வழியில்லை. என் வீட்டுக்காரர் கல் உடைக்கும் கிரஷரில் வாலிபம் முழுவதையும் கழித்தவர். இலுப்பூர்ப் பக்கம் போகிற சாலையில் வெள்ளை வெளேரென்று மரங்கள் நிற்குமே, அந்தத் தூசிதான் அவர் நெஞ்சிலும் படிந்திருக்கிறது. மரத்தையாவது மழை கழுவிவிடும். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், இருக்கிற மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், புகை பக்கமே போகவிடாதீர்கள் என்று என்னிடம்தான் சொன்னார். அவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த மாதிரிச் சேதிகளைப் பெண்டாட்டியிடம்தான் சொல்வார்கள்.

அன்றைக்கே விறகடுப்பை உடைத்தேன். கொசுவத்தி வாங்குவதை நிறுத்தினேன். சாமி படத்துக்கு ஊதுபத்தி இல்லை, சாம்பிராணி இல்லை. சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குள் நடப்பது என் கையில் இருந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் இல்லை. பொழுது விடிந்தால் ஜன்னல் வழியாகப் புகை வரும். அவர் சுவரில் தலையணையைக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறவர். விழித்ததும் இருமல்தான் முதலில் வரும், அப்புறம்தான் பேச்சு.

நான் ஜன்னல் ஓரத்தில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். சண்டை போட்ட வீட்டுத் துணி நம் வீட்டுக்கு வராது. எதிர்வீட்டுக்காரி தன் மகள் கல்யாணத்துக்கு மொத்த ஜாக்கெட்டையும் வேறு ஆளிடம் கொடுத்தாள். கொடுக்கட்டும் என்று வீறாப்பாக இருந்தேன். ஆனால் குப்பை எரிவது மட்டும் நின்றபாடில்லை. நான் அணைத்துவிட்டு உள்ளே வந்தால் பின்னாலேயே இன்னொரு குவியலில் தீ ஏறும்.

எங்கள் வார்டு உறுப்பினர் என் தம்பி. இடுப்பில் தூக்கித் திரிந்து நான் வளர்த்த பிள்ளை. அவன் தேர்தலில் நின்றபோது, நான் சண்டை போட்டு முகம் முறித்துக்கொண்ட வீடுகளுக்கெல்லாம் படியேறிப் போய், பல்லைக் காட்டி ஓட்டுக் கேட்டேன். அவன் ஜெயித்தது அந்தச் சிரிப்பினால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவனும் அக்காவை விட்டுக்கொடுத்தவன் இல்லை. மழை பொய்த்த வருடத்தில்கூடப் பொங்கல் சீர் தவறியதில்லை. புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு என்று முறையாகக் கொண்டுவந்து, "வாங்கிக்கக்கா" என்று வாசலில் நின்று சொல்வான். அந்த ஒரு சொல்லுக்காக வருடம் முழுவதும் அவன் செய்வதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன்.

அவன்தான் ஒருநாள் என் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தான்.

"இத எத்தனை நாளைக்குக்கா தூக்கிக்கிட்டு அலைவ? சண்டை போட்டா ஒரு நாளைக்கு நிக்கும். கிராம சபையில தீர்மானம் போட்டாத்தான் மொத்தமா நிக்கும். நான் பாத்துக்கிறேன்."

காந்தி ஜெயந்தி அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டுக் கிராம சபை நடந்தது. என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று மேலிடத்துச் சட்டம் எப்போதோ வந்துவிட்டதாம். அது எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. தம்பி மைக்கைப் பிடித்து அழகாகப் பேசினான். கடைசியில், "எங்க மாமா மூச்சு விட முடியாமக் கஷ்டப்படுறாரு. ஒரு மனுசன் உசுருக்காக நம்ம ஒரு தீக்குச்சியக் கீழ போடக் கூடாதா?" என்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலிக் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

தெருவிலோ வாசலிலோ வாய்க்கால் ஓரத்திலோ யாரும் எதையும் எரிக்கக் கூடாது, குப்பையை ஊராட்சி வண்டியில் கொடுத்துவிட வேண்டும், மீறினால் அபராதம் என்று தீர்மானம். எல்லோரும் கை தூக்கினார்கள், எதிர்வீட்டுக்காரியும்தான். நிறையக் கேள்வி வந்தது. வண்டி எப்போது வரும், ஞாயிற்றுக்கிழமை வருமா, தென்னை மட்டையை வாங்கிக்கொள்வார்களா, போகிக்கு என்ன செய்வது? போகிக்குக் கிழிந்த பாயும் தேய்ந்த விளக்குமாறும் மட்டும் என்று சிரிப்புக்கிடையே முடிவானது. வாங்கிய குப்பையை வண்டி எங்கே கொண்டுபோகும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் குப்பை நம் வாசலைத் தாண்டிவிட்டால் அது இல்லாமல் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல என் குடும்பத்தில் நல்ல நாட்கள் வந்ததில்லை. தெரு சொன்னபடி நடந்தது. டீக்கடையில் அதற்கு 'இருமல் தீர்மானம்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தாலும் யாரும் தீ வைக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் எழுந்து பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் சுவரிலிருந்து சரிந்து, பாயில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு ஒரே சீராக வந்தது. அன்றைக்குத் தம்பி வீட்டுக்குப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

மார்கழியில் மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது வடக்கு ஜன்னல் வழியாக நாற்றம் வந்தது. எரிகிற பிளாஸ்டிக் நாற்றம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். வாளியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். தெருவில் ஒரு குவியலும் இல்லை. புகை வீட்டுக்குப் பின்னால் இருந்து வந்தது.

எங்கள் வீட்டுக்கு வடக்கே சீமைக்கருவேலங்காடு, அதைத் தாண்டினால் முன்பு கிராவல் அள்ளிய பள்ளம். முள்ளை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பள்ளம் நிறையக் குப்பை. ஊராட்சி முழுவதும் தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிய குப்பை அத்தனையும் மழைக்காலம் முழுக்க அங்கேதான் சேர்ந்திருக்கிறது. அது இப்போது காய்ந்துவிட்டது. நாலைந்து இடத்தில் எரிந்துகொண்டிருந்தது. வாடைக் காற்று. பள்ளத்திலிருந்து கிளம்பிய புகை நேராக என் வீட்டு ஓட்டைப் பார்த்துப் போனது. கையிலிருந்த வாளியைப் பார்த்தேன். அந்தப் பள்ளத்துக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

தூய்மைக் காவலர் வேலை பார்க்கிற பெண் அங்கே நின்றாள். அவளைத்தான் முதலில் பிடித்துக்கொண்டேன்.

"என்னைய ஏங்கா ஏசுறீங்க? இங்கிட்டுக் கொட்டச் சொன்னாக, கொட்டுறேன். ரொம்பிப் போச்சுன்னா கொளுத்திவிடச் சொன்னாக. எடத்தைக் காட்டுனது ஒங்க தம்பிதானே?"

அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். தம்பியிடமே கேட்டேன். "தற்காலிகந்தான்க்கா, பொங்கலுக்குள்ள மாத்திருவாக" என்றான் போனில். மறுநாள் எரிந்தது. அடுத்த நாளும் எரிந்தது. அதற்குப் பிறகு என் போனை அவன் எடுக்கவில்லை. வீட்டில் கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் தையல் மிச்சத் துணியைச் சுருட்டி அடைத்தேன். அப்படியும் உள்ளே வந்தது. என் வீட்டுக்காரர் மறுபடி சுவரில் சாய்ந்தார். ஊதி இழுக்கிற மருந்து மாதத்துக்கு வந்தது பாதி மாதத்தில் தீர்ந்தது. தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டில் புகை நாற்றம் அடிக்கிறது என்று ஒருத்தி திருப்பிக் கொண்டுவந்தாள். வெட்கமாக இருந்தது.

தம்பி வீட்டுக்கே போனேன். நாத்தனார் வருகிறாளே என்று அவன் பெண்டாட்டி காபி போட உள்ளே போய்விட்டாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டான்.

"எங்கதான்க்கா கொட்டுறது? கீழத்தெருவுல எடம் பாத்தா அருவாளத் தூக்குறாங்க. கம்மாக் கரைன்னா பாசனக்காரங்க கோர்ட்டுக்குப் போவோங்குறாங்க. எல்லாரும் சண்டைக்கு வாராங்க. தலைவரு என்னையப் போட்டு நெருக்குறாரு, தீர்மானம் கொண்டாந்தவன் நீ, எடத்தையும் நீயே காட்டுன்னு. நம்ம பக்கம்னா நீ இருக்க, பேசிச் சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"எங்க பக்கம் ஒங்க மாமா இருக்காருடா."

அவன் கை மறுபடி பொத்தானுக்குப் போனது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் அவனுடைய அக்கா. ஊருக்கெல்லாம் வாளியைத் தூக்கிய நான் அவனிடம் மட்டும் தூக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை வைத்துத்தான் இடம் பார்த்திருக்கிறான். அந்நியன் கழுத்தை அறுத்தால் கத்தலாம். நான் அன்றைக்குக் கத்தக்கூட இல்லை, காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு முதல் நாள் சீரோடு வந்தான். கரும்புக் கட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, பானையைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்கிக்கக்கா" என்றான். நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன். ஊசியில் துணிகூட இல்லை.

"எடுத்துக்கிட்டுப் போயிரு. ஒன் சீரு எனக்கு வேணாம்" என்றேன்.

அவன் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அப்போது உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். "குடு மாப்ள" என்று பானையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். வாங்கிய பாரம் தாங்காமல் வாசப்படியிலேயே உட்கார்ந்தார்.

"சீரத் திருப்பி அனுப்பாத. பொறந்த வீடு அத்துப் போயிரும்" என்று என்னிடம் சொன்னார். தம்பி போனதும் அவரோடு சண்டை போட்டேன். ஒங்க மூச்சுக்குத்தானே நான் மல்லுக்கு நிக்கிறேன், நீங்க எதுக்கு அவனுக்கு ஏந்திக்கிட்டு வாரீங்க என்று கேட்டேன். அவர் கரும்பை எடுத்து உள்ளே வைத்தார். பொங்கலைக் காஸ் அடுப்பில்தான் வைத்தேன். ஏனோதானோவென்று பொங்கியது.

குடியரசு தினத்துக் கிராம சபைக்கு நானே பேசுவது என்று முடிவு செய்தேன். மைக் பிடித்துப் பழக்கமில்லை. இரண்டு நாளாக மெஷினோடு பேசிப் பழகினேன். அவர் வர மாட்டேன் என்றார். வந்தால்தான் ஊர் பார்க்கும் என்று கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அதே ஷாமியானா, அதே நாற்காலி.

"ஒருத்தர் உசுருக்காகத் தீர்மானம் போட்டீங்க. அந்த உசுருக்குப் பக்கத்துலயே கொண்டாந்து ஊர்க் குப்பையக் கொளுத்துறீங்க. இது நியாயமா? எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். பின்னால் இருந்து இரண்டு மூன்று பேர், "ஞாயந்தானே" என்றார்கள். எதிர்வீட்டுக்காரியின் குரலும் அதில் இருந்தது.

தலைவர் கோபப்படவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் பேசினார்.

"கேக்காமச் செய்வமாம்மா? நானும் ஒங்க தம்பியும் கிளார்க்கும் நேர்ல ஒங்க வீட்டுக்கு வந்தோம். நீங்க புதுக்கோட்டைக்கு மருந்து வாங்கப் போயிருந்தீங்க. ஒங்க வீட்டுக்காரருகிட்டக் கேட்டுத்தான் எடத்த முடிவு பண்ணோம். இந்தா உக்காந்திருக்காரே, கேளுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். ஷாமியானாவில் இருந்த அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்தார்கள். தம்பி தரையைப் பார்த்தான். ஏதோ தப்பாகச் சொல்கிறார்கள், இவர் எழுந்து இல்லை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஆமா. கேட்டாக. சரின்னேன்" என்றார்.

மைக் இன்னும் என் கையில் இருந்தது. யாரோ வந்து வாங்கிக்கொண்டார்கள். அடுத்ததாகத் தெருவிளக்கு விஷயம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். அவர் நாலு எட்டுக்கு ஒருமுறை நிற்பார். வழக்கமாக நானும் நிற்பேன். அன்றைக்கு நான் நிற்கவில்லை. முன்னால் போய், வீட்டைத் திறந்து, அவர் வந்து சேரும்வரை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சாய்ந்து உட்கார்ந்து, மருந்தை இழுத்து, மூச்சு திரும்பக் காத்திருந்தார். அப்புறம் விட்டு விட்டுச் சொன்னார்.

"வாசல்ல மூணு பேரு நிக்கிறாக. ஒன் தம்பி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான். பொங்கலு தவறாமச் சீரு செஞ்சவன். மொகத்தப் பாத்து எப்படி மாட்டேங்குறது? ஊரே எனக்காவ நிப்பாட்டிருச்சு. டீக்கடைக்குப் போனா இருமல் தீர்மானம் வருதுங்குறான். கூசிப் போகுது. நான் ஒருத்தன் எங்க பக்கம் கொட்டக் கூடாதுன்னா, எம்புட்டுத்தான் ஊரு எனக்காவச் செய்யும்னு தோணுச்சு."

எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பஸ்ஸில் இடித்துக்கொண்டு போய், வரிசையில் நின்று, இவருடைய மூச்சுக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இவர் வாசலில் உட்கார்ந்து அந்த மூச்சைத் தூக்கி மரியாதைக்காகக் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு அன்றைக்கு என் கையால் சாப்பிட்டிருக்கிறார். புகை வந்தபோது என்னோடு சேர்ந்து ஜன்னலைச் சாத்தியிருக்கிறார். நான் பள்ளத்துக்கும் தம்பி வீட்டுக்கும் அலைந்ததை, மெஷினோடு பேசிப் பழகியதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். தம்பி செய்தது எனக்கு வலித்தது. இவர் செய்தது எனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல இன்றுவரை வார்த்தை அகப்படவில்லை.

"அடுத்த தடவ மருந்துக்கு நான் போகல. ஒங்க மச்சினன அனுப்புங்க" என்றேன்.

நிஜமாகவே போகவில்லை. மருந்து தீர்ந்த அன்றைக்குத் தம்பி பைக்கில் வந்தான். அவரைப் பின்னால் உட்கார வைத்து, கவனமாக, பள்ளம் மேடு பார்த்து ஓட்டிக்கொண்டு போனான். இருவருக்குள்ளும் என்ன பேச்சு இருந்தது என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் திரும்பி வந்தபோது வடக்கே எரியத் தொடங்கியிருந்தது. தம்பி துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு வாசலோடு கிளம்பப் பார்த்தான்.

"உள்ள வா. அது எரிஞ்சு அணையிற வரைக்கும் ஒங்க மாமா பக்கத்துல உக்காரு. வேற ஒண்ணும் நான் ஒன்னைய இனிமேக் கேக்க மாட்டேன்" என்றேன்.

வந்து உட்கார்ந்தான். பைக்கில் வந்த அலுப்பும் புகையும் சேர்ந்து என் வீட்டுக்காரருக்கு இருமல் ஆரம்பித்தது. அது ஆரம்பித்தால் முகம் கருத்து, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு கையும் பாயைப் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பழகிய காட்சி. அவன் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். முதலில் அவர் தோளைத் தொட்டான். பிறகு கையை எடுத்துக்கொண்டான். பிறகு சுவரைப் பார்த்தான். சட்டென்று எழுந்து, "ஆபீசுல வேலை கெடக்குக்கா, வாரேன்" என்று போய்விட்டான். ஜன்னலுக்கு வெளியே புகை இன்னும் போய்க்கொண்டிருந்தது.

நான் அவர் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். கை அதன் பாட்டுக்குத் தடவியது. இருமல் கொஞ்சம் அடங்கியதும், "அவனை ஏன்... கஷ்டப்படுத்துற?" என்றார்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லங்க?" என்றேன். அழுகை வந்துவிட்டது. "அன்னைக்கு நான் வர்ற வரைக்கும் அவங்கள இருக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டா நீ... மாட்டேன்னு சொல்லிருவ" என்றார். அந்த நாலு சொல்லைச் சொல்லி முடிக்க அவர் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.